கேமரா பிடிக்காத ஓர் ஆள்

நாகர்கோவிலில் அப்பா தொடங்கிய ஸ்டூடியோவை இருபத்தெட்டு வருடங்களாக நான் நடத்துகிறேன். டிசம்பர் பிறந்தால் பிப்ரவரி முடியும்வரை குமரி மாவட்டத்துப் பள்ளி, கல்லூரிகளில் குரூப் போட்டோ எடுப்பதுதான் என் முழு வேலை. இந்த மாதம் வந்த கடிதங்களில் அதைப் பற்றிய கேள்விகளே அதிகம். அதனால் லென்ஸ், கேமரா விலை பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்துவிட்டேன்.

எங்கள் பள்ளியில் பிளஸ் டூ மாணவ, மாணவியர் 64 பேர். பிரிவு உபசார ஆல்பத்துக்கு முட்டம் பாறை மேல்தான் படம் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எப்படித் திட்டமிடுவது?
– ஓர் ஆசிரியை, கருங்கல்

டீச்சர், பிள்ளைகளின் ஆசையில் தப்பே இல்லை. முட்டத்தில் செம்மண் மேடு, கரும்பாறை, கலங்கரை விளக்கம், கடல் எல்லாம் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அங்கே ஒரு படம் கேட்பது நியாயம்தான். முட்டம் போகலாம். பாறை மேல் மட்டும் வேண்டாம். ஏன் என்று எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

பதினான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக்காக, இதே மேற்குக் கரையில் வேறொரு ஊரில், நாற்பது பிள்ளைகளைப் பாறை மேல் மூன்று வரிசையாக நிறுத்தினேன். கூட வந்த ஆசிரியர்கள் நாலு பேரும் படத்தில் நின்றார்கள். தலைகள் சரியாக அமையவில்லை. "இன்னும் ரெண்டடி பின்னால போங்க மக்களே" என்றேன். போனார்கள். அடுத்து வந்த அலை பாறையின் பின்பக்கமாக ஏறி, கடைசி வரிசையை முழங்கால் உயரத்துக்கு அடித்தது. ஒரு பெண்பிள்ளை பாசியில் வழுக்கி விழுந்தாள். நான் அதைப் பார்க்கவே இல்லை. என் கண் கேமராவுக்குள் இருந்தது. பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். முழங்காலில் ஏழு தையலோடு போயிற்று. அந்தப் பெரியவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. "இத்தனை பேரு நிக்கிறீங்க, கடலை ஒருத்தரும் பாக்கலியே" என்று மட்டும் கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். ஆசிரியர்களும் அப்படியே. கடலுக்கு நேராக நிற்பவள் நான் ஒருத்திதான், ஆனால் எனக்குத் தெரிவது முகங்கள் மட்டும். அன்றைக்குக் கடலைப் பார்த்தவர் எங்கள் கூட்டத்தைச் சேராத ஒருவர்.

அதற்குப் பிறகு, கேமரா பிடிக்காத ஓர் ஆள் இல்லாமல் நான் எந்தக் கரையிலும் படம் எடுத்ததில்லை. அவர் படத்தில் நிற்கக் கூடாது, அவர் கையில் போனும் இருக்கக் கூடாது. கடலையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்ப்பதுதான் அவருடைய ஒரே வேலை. கழுத்தில் ஒரு விசில் தொங்கும். விசில் கேட்டால் எல்லாரும் தரைப்பக்கம் நடக்க வேண்டும், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். பிள்ளைகளுக்கு இதைப் பள்ளியிலேயே சொல்லி, ஒரு முறை விசில் ஊதியும் காட்டிவிடுங்கள். அந்த ஆள் உள்ளூர் கடல்தொழிலாளியாக இருந்தால் மிக நல்லது. அரைநாள் கூலி கொடுத்து ஒருவரை நிறுத்துங்கள். அந்தத் துறையில் எந்தப் பாறை இடுக்கில் தண்ணீர் பொங்கும், எங்கே இழுக்கும் என்பது அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

இன்னொன்று. கள்ளக்கடல் என்ற சொல்லை உங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசும் புயல் எழுப்பிய அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். திடீரென்று கடல் ஏறும். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது அப்படியொரு எச்சரிக்கை அமலில் இருந்த நேரத்தில்தான். ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. முந்தின நாள் மாலையும் அன்று காலையும் இரண்டு முறை பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பேருந்து எடுக்கவே வேண்டாம். முன்பணம் போனாலும் போகட்டும். என்னிடம் பதிவு செய்யும் பள்ளிகளிடம், கடல் காரணமாகத் தேதி மாறினால் ஒரு ரூபாயும் கூடுதலாக வாங்க மாட்டேன் என்று எழுதியே கொடுத்துவிடுகிறேன். உங்கள் போட்டோகிராபரிடமும் அதைக் கேட்டு வாங்குங்கள். பணம் போய்விடுமே என்ற யோசனையில்தான் பலரும் துணிந்து கிளம்புகிறார்கள்.

சரி, பாறை மேல் ஏறாமல் கடலைப் படத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது? அதற்குத்தான் லென்ஸ் இருக்கிறது. பிள்ளைகளைக் கரையிலிருந்து நன்றாக உள்ளே, மேட்டில், காய்ந்த தரையில் நிறுத்துங்கள். 64 பேர் நாலு வரிசை என்றால் ஒரு வரிசையின் அகலம் எட்டு மீட்டர் வரும். போட்டோகிராபர் இருபது மீட்டர் தள்ளிப் போய் 70 மி.மீ. லென்ஸில் எடுத்தால், தூரத்தில் உள்ள கடலும் பாறையும் பிள்ளைகளின் தோளுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதுபோல் விழும். கிட்டே நின்று அகல லென்ஸில் எடுப்பவருக்குக் கடல் சின்னதாகத்தான் தெரியும். அதனால்தான் அவர் பிள்ளைகளை இன்னும் பின்னால், இன்னும் பின்னால் என்று தள்ளுவார். நானும் அன்று அதைத்தான் செய்தேன். இப்போதெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துப் "பின்னால போங்க" என்று சொல்வதே இல்லை. இடம் போதவில்லை என்றால் பின்னால் நகர வேண்டியது நான்தான், அதுவும் எனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்துவிட்டு.

நேரம் பற்றி. எல்லாரும் மாலைச் சூரியன் கேட்பார்கள். முட்டத்தில் மாலையில் சூரியன் கடல் பக்கம் இறங்கும். கடலைப் பின்னணியாக வைத்தால் 64 முகமும் கறுத்துவிடும். காலையில் எடுங்கள். பிப்ரவரி தொடக்கத்தில் சூரியன் ஏறக்குறைய 6.40க்கு எழும். ஏழரை மணிக்கு வெளிச்சம் தரைப்பக்கமிருந்து நேராக முகத்தில் விழும், கடல் நீலமாகத் தெரியும். கூட்டமும் இருக்காது. ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டால் வெயிலுக்கும் தப்பலாம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வாரம் முன்னால் அதே நேரத்தில் நீங்களும் போட்டோகிராபரும் போய் இடத்தைப் பாருங்கள். கழிப்பறை எங்கே, அது காலையில் திறந்திருக்குமா என்று பார்க்காமல் பெண்பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். போன் சிக்னல் கிடைக்கிறதா, ஆம்புலன்ஸ் எதுவரை வரும் என்று பாருங்கள். தலைமையாசிரியரின் எழுத்து அனுமதி, பெற்றோர் கையெழுத்து, உள்ளூர் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம், இந்த மூன்றும் கைவசம் இருக்கட்டும். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. அவர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். பேருந்தில் ஏறும்போது, இறங்கும்போது, படம் முடிந்தவுடன், திரும்ப ஏறும்போது என்று நாலு முறை பெயர் சொல்லி ஆள் எண்ணுங்கள். தலையை மட்டும் எண்ணினால் யார் குறைவு என்று தெரியாது. 108, 112, கடலோரக் காவல் குழுமத்தின் 1093 ஆகிய எண்கள் எல்லா ஆசிரியர்கள் போனிலும் இருக்கட்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் வழியை ஓட்டுநர் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கட்டும்.

கடைசியாக, இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர். போட்டோகிராபர் "முடிஞ்சுது" என்று சொன்ன பிறகு வரும் இருபது நிமிடம்தான் ரொம்ப ஆபத்தானது. வரிசை கலைந்து, செல்ஃபி எடுக்கப் பிள்ளைகள் பாறைப்பக்கம் ஓடுவார்கள். அதனால் நான் கரையில் நின்று "முடிஞ்சுது" என்று சொல்வதே இல்லை. "கடைசிப் படம் பஸ் பக்கத்தில, எல்லாரும் நடங்க" என்பேன். அங்கே பேருந்துப் படியில் ஏறி நின்று கை அசைக்கும் படம் ஒன்றை எடுப்பேன். பல ஆல்பங்களில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த படம் அதுவாகத்தான் இருந்திருக்கிறது.

மகளுக்கு 13 வயது. பள்ளியில் எடுத்த படங்களைப் போட்டோகிராபர் தன் விளம்பரப் பக்கத்தில் போட்டுவிட்டார். பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் தெரிகிறது. அடுத்த முறை நாங்கள் என்ன கேட்க வேண்டும்?
– ஒரு தந்தை, தக்கலை

ஐயா, முதலில் அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நகலைப் பள்ளிக்கும் கொடுங்கள். உங்கள் மகளின் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்த அவருக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே வரையறுத்து, பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது.

அடுத்த முறை பள்ளி அனுப்பும் ஒப்புதல் தாளை வாசித்துப் பாருங்கள். "போட்டோ எடுக்கச் சம்மதம்" என்று ஒரே வரி இருந்தால் போதாது. குரூப் படத்தில் நிற்பதற்கு ஒன்று, ஆண்டு மலரில் அச்சிடுவதற்கு ஒன்று, இணையத்தில் போடுவதற்கு ஒன்று என்று மூன்று கட்டங்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். முதல் இரண்டுக்குச் சரி, மூன்றாவதுக்கு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்றவரின் பிள்ளையை வரிசையிலிருந்து ஒதுக்கி நிறுத்தவும் கூடாது. அப்படி ஒதுக்கினால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு வலிக்கும் என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், தனிப்படம் எடுக்கும் அறை. கதவு திறந்திருக்க வேண்டும், உள்ளே ஓர் ஆசிரியை கட்டாயம் இருக்க வேண்டும். டை கோணலாக இருந்தாலும், முடி முகத்தில் விழுந்தாலும் அதைச் சரிசெய்வது பிள்ளையேதான், இல்லையென்றால் ஆசிரியை. போட்டோகிராபர் கை நீட்டக் கூடாது. நான் பெண்தான், இருந்தும் தொடுவதில்லை. ஒரு சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளைகளே பார்த்துச் சரிசெய்துகொள்வார்கள். கோப்புகளை எத்தனை நாள் வைத்திருப்பார், யாருக்கெல்லாம் அனுப்புவார், எப்போது அழிப்பார் என்பதையும் பள்ளி அவரிடம் எழுதி வாங்க வேண்டும்.

உங்கள் மகளிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். படம் எடுக்கும் இடத்தில் ஏதாவது சங்கடமாகப் பட்டால் உடனே எழுந்து வந்துவிடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

கல்லூரி கடைசி வருஷம். டிபார்ட்மென்ட் ஆல்பத்துக்கு மாஸாக ஏதாவது வேண்டும். தண்டவாளத்தில் நடந்து வருவது ஒன்று, மாத்தூர் தொட்டிப்பாலத்தில் எல்லாரும் வரிசையாக நிற்பது ஒன்று, ட்ரோன் ஷாட் ஒன்று. முடியுமா அக்கா?
– ஒரு மாணவர், குழித்துறை

தம்பி, தண்டவாளம் வேண்டாம். இதில் பேசித் தீர்க்க ஒன்றுமே இல்லை. அனுமதியில்லாமல் ரயில் பாதையில் நுழைவது 1989ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வேலைக்குப் போகிற வயதில் உன் பெயரில் ஒரு வழக்கு தேவையா? சட்டத்தை விடு. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கும். நம் பக்கத்துப் பாதை வெட்டுமேடுகளுக்கு நடுவே வளைந்து வருகிறது. மின்சார ரயில் அதிகச் சத்தம் இல்லாமல் வந்துவிடும். மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். நின்றிருக்கும் சரக்குப் பெட்டி மேல் ஏறினால் கம்பியைத் தொடவே தேவையில்லை, கிட்டே போனாலே இழுத்துவிடும்.

தொட்டிப்பாலத்துக்கு நானும் பல முறை போயிருக்கிறேன். 1966இல் கட்டியது, பறளியாற்றின் குறுக்கே, நூறடிக்கும் மேல் உயரம். நடைபாதை ஒடுக்கம். நாற்பது பேர் வரிசையாக நின்றால் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு வழி இருக்காது. யாராவது ஒருவன் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கைப்பிடிச் சுவர் மேல் ஏறுவான், அவனைப் பார்த்து இன்னொருவனும் ஏறுவான். உங்களுக்கு வேண்டியது பாலம்தானே? கீழே இறங்கிப் போங்கள். ஆற்றங்கரைப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தால் அந்த ராட்சதத் தூண்கள் வரிசையாக உயர்ந்து நிற்கும். தூணுக்கு முன்னால் நாற்பது பேரை நிறுத்தி, கேமராவைத் தாழ்வாக வைத்து எடுத்தால் பாலத்தின் உண்மையான உயரம் படத்தில் வரும். மேலே நின்று எடுப்பவருக்கு அது கிடைக்காது, வெறும் நடைபாதைதான் கிடைக்கும். மழைக்காலமாக இருந்தால் ஆற்றில் இறங்காதீர்கள்.

ட்ரோனுக்கு 2021ஆம் வருட ட்ரோன் விதிகள் இருக்கின்றன. டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் நீங்கள் எடுக்கப் போகும் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பாருங்கள். பச்சை இல்லை என்றால் அனுமதி வாங்காமல் பறக்க விடக் கூடாது. வாடகைக்கு ட்ரோன் கொண்டுவருபவரிடம் அந்தக் கருவியின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 250 கிராமுக்கு மேல் எடை என்றால் அவருடைய பைலட் சான்றிதழையும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அவர் வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தாலும் ஆள்களின் தலைக்கு நேர்மேலே பறக்க விடாதீர்கள். கடற்காற்றில் சின்ன ட்ரோன் நிலையாக நிற்காது. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி, ஆடியில் காற்றாலை சுற்றும் வேகத்தைப் பார்த்திருப்பாய், அங்கே அதை நினைத்துக்கூடப் பார்க்காதே.

மாஸாக வேண்டும் என்று கேட்டாய் அல்லவா, வட்டக்கோட்டையை யோசித்துப் பார். கல் மதில், அதற்குப் பின்னால் கடல், பிற்பகலில் முகத்துக்கு நல்ல வெளிச்சம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் முக்காலி வைக்க முன்அனுமதி வேண்டும். மதில் மேல் ஏற வேண்டாம், உள்முற்றமே போதும். பத்மநாபபுரம் அரண்மனை வேண்டும் என்றால் அதைப் பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை, திங்கட்கிழமை விடுமுறை. இது தெரியாமல் திங்களன்று பேருந்தோடு வந்து நின்றவர்கள் உண்டு.

புதிதாக ஸ்டூடியோ தொடங்கியிருக்கிறேன். ஒரு பள்ளியில் ஒரே நாளில் 300 பேரின் தனிப்படமும் வகுப்புவாரியாகக் குரூப் படமும் எடுக்க வேண்டும். வெள்ளைச் சட்டை வெளுத்துப் போகிறது. பெஞ்ச் அடுக்குவதும் பயமாக இருக்கிறது.
– ஓர் இளைஞர், குளச்சல்

பயம் நல்லது தம்பி. பெஞ்ச் மேல் பெஞ்ச் எந்தக் காலத்திலும் வேண்டாம். அப்பா காலத்தில் பின்வரிசைக்கு மேசை போட்டு, அதன் மேல் பெஞ்ச் போடுவார்கள். அதில் நின்ற பிள்ளை விழுந்ததைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். பள்ளி வராந்தாப் படிக்கட்டு இருந்தால் அதை மிஞ்சிய ஏற்பாடு இல்லை. இல்லையென்றால் முன்வரிசை தரையில், அடுத்து நாற்காலி, அடுத்து நிற்பவர்கள், கடைசி வரிசை ஒரே ஒரு பெஞ்ச் உயரத்தில். பெஞ்சின் கால் மணலில் புதையும், அதனால் சிமென்ட் தரையில் மட்டும் போடு. ஒரு நுனியில் ஏறினால் மறுநுனி தூக்கிவிடும். நடுவில் முதலில் ஏற்றி, நடுவில் இருப்பவரைக் கடைசியாக இறக்கு. இரண்டு ஓரத்திலும் ஒரு பெரியவர் நிற்கட்டும். ஐம்பது பேருக்கு மேல் என்றால் இரண்டு குழுவாகப் பிரித்துவிடு.

300 பேர் என்றால் ஓர் ஆளுக்கு நாற்பது விநாடி வீதம் மூன்று மணி நேரம் இருபது நிமிடம் ஆகும். அதற்கு மேல் குரூப் படங்கள். முந்தின நாளே வகுப்புவாரியாக வருகைப் பதிவேட்டின் நகலை வாங்கிவிடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் முன் ஒரு சிலேட்டில் வரிசை எண்ணை எழுதி ஒரு படம் எடுத்துக்கொள். இரவு பத்து மணிக்குப் பெயர் தேடும்போது அது உனக்குத் தெய்வம் மாதிரி. சின்னப் பிள்ளைகளைக் காலையில் முதலில் முடி, சாப்பாட்டுக்குப் பிறகு சட்டையில் சாம்பார் இருக்கும். ஒரு வகுப்பு படம் எடுக்கும்போது அடுத்த ஒரு வகுப்பு மட்டும் நிழலில் காத்திருக்கட்டும், மற்றவர்கள் வகுப்பறையிலேயே இருக்கட்டும். வெயிலில் நிறுத்தினால் மயங்கி விழுவார்கள். விழுகிறவர்களில் பலர் காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள். நான் எப்போதும் ஒரு டப்பா பிஸ்கட்டும் ஒரு குடம் தண்ணீரும் கேமராப் பை பக்கத்தில் வைத்திருப்பேன். யார் முகமாவது வெளிறித் தெரிந்தால் முதலில் உட்கார வை. படம் அப்புறம்.

வெள்ளைச் சட்டைக்கு வருகிறேன். நேர்வெயிலில் எடுக்காதே. கட்டடத்தின் நிழலில், வானம் திறந்திருக்கும் பக்கம் முகம் இருக்கும்படி நிறுத்து. சட்டையில் மடிப்பு தெரியும் அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, முகத்துக்கு ஒரு தெர்மாக்கோல் அட்டையால் வெளிச்சம் திருப்பு. நம் பிள்ளைகளின் நிறத்தைப் பிறகு கணினியில் வெளுக்க வைக்காதே. பல ஸ்டூடியோக்கள் அதைக் கேட்காமலே செய்கின்றன. அந்தப் பிள்ளை படத்தைப் பார்த்து, தன் நிறத்தில் ஏதோ குறை இருந்ததால்தான் மாற்றினார்கள் என்று நினைக்கும். குரூப் படத்துக்கு லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் வேகம் விநாடியில் 125இல் ஒரு பங்குக்குக் குறையாமல், ஃபோகஸ் இரண்டாவது வரிசையில். ஆறு படமாவது எடு, ஐம்பது பேரில் யாராவது கண் மூடுவார்கள். படம் முடிந்து வரிசை கலைவதற்கு முன் இடமிருந்து வலமாகப் பெயர்களை ஓர் ஆசிரியர் எழுதிக்கொள்ளட்டும். இரண்டு கார்டில் பதிவு செய். பிரின்ட் பள்ளியின் கைக்குப் போகும்வரை ஒன்றையும் அழிக்காதே.

உன் உதவியாளரை ஃபிளாஷ் பிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளாதே. குரூப் படம் எடுக்கும்போது அவர் கேமராப் பக்கம் பார்க்கவே வேண்டாம். பெஞ்சைப் பார்க்கட்டும்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகள் படம் எடுக்க அனுமதி கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், அருமனை

தாராளமாகக் கொடுங்கள். ஜனவரியில் ரப்பர் இலை சிவந்து உதிரும்போது நம் மேற்கு மாவட்டத் தோட்டங்களுக்கு ஈடான வெளிச்சம் எங்கும் இல்லை. ஆனால் அந்த இலை மெத்தைக்கு அடியில் பாம்பு படுத்திருக்கும். ஷூ இல்லாமல் யாரும் உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எந்தப் பாத்தியில் நிற்கப் போகிறார்களோ அதை முந்தின நாள் உங்கள் ஆளை விட்டுக் கம்பால் தட்டிப் பெருக்கச் சொல்லுங்கள். பால் வெட்டி முடித்து, சிரட்டையிலிருந்து பால் எடுத்த பிறகு வரட்டும். வேலை செய்பவரின் கத்தியை வாங்கி வைத்துப் போஸ் கொடுக்க அனுமதிக்காதீர்கள். எத்தனை பேர், எத்தனை மணிவரை, பொறுப்பாசிரியர் யார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் மகன் ஏழாம் வகுப்பு. சக்கர நாற்காலியில் இருக்கிறான். மூன்று வருடக் குரூப் படத்திலும் ஓரத்தில், வரிசைக்கு வெளியே தனியாக இருக்கிறான். இன்னொரு வருடம் "வெயிலா இருக்கு, நீ கிளாஸ்லயே இரு" என்று சொல்லிவிட்டார்கள். படத்தை அவன் வீட்டில் மாட்ட விடுவதில்லை.
– ஒரு தாய், இரணியல்

தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் பல முறை வாசித்தேன். அவனை யாரும் வேண்டுமென்று ஒதுக்கியிருக்க மாட்டார்கள். முதலில் பெஞ்சைப் போடுகிறார்கள், பிறகு உயரம் பார்த்து நிறுத்துகிறார்கள், எல்லாம் முடிந்த பிறகு அவன் வருகிறான். அப்போது மிச்சம் இருப்பது ஓரம்தான். அதனால் செய்ய வேண்டியது ஒன்றே. அவனை முதலில் வர வையுங்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். இடம் பார்க்கப் போகும்போதே சக்கர நாற்காலி படி ஏறாமல் வந்து சேரும் வழியைப் பார்ப்பேன். வழி இல்லை என்றால் முழு வகுப்புக்கும் வேறு இடம். படம் எடுக்கும் நாளில் ஒரு பெஞ்சும் போடாத வெறும் தரையில், முன்வரிசையில், நடுவுக்கு ஓர் இடம் தள்ளி அவனை நிறுத்தி பிரேக் போடச் சொல்வேன். நாற்காலியை நான் தள்ள மாட்டேன், எங்கே நிற்க வேண்டும் என்று கேட்பேன், அவனே வருவான். அவனுக்கு இரண்டு பக்கமும் அவன் சொல்லும் நண்பர்களை நாற்காலியில் உட்கார வைப்பேன். முன்வரிசை முழுவதும் உட்கார்ந்திருக்கும்போது அவன் உயரமும் அவர்கள் உயரமும் ஒன்றாகிவிடும். யாரும் தரையில் உட்கார வேண்டாம். அதற்குப் பிறகுதான் மற்ற வரிசைகள்.

இந்த வருடம் தேதி தெரிந்தவுடன் வகுப்பு டீச்சரைப் பாருங்கள். இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கையில் கொடுங்கள், போட்டோகிராபருக்கும் ஒரு நகல் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவனிடம் இன்றைக்கே கேட்டு, அந்த இரண்டு பெயரையும் தாளின் மேல் எழுதிவிடுங்கள். வேறு யாரும் முன்வந்து எடுத்துத் தராவிட்டால் எனக்கு எழுதுங்கள், இரணியலுக்கு நானே வருகிறேன்.